கைநாட்டு

உப்பனாற்றைக் கடக்க ஆளுக்குப் பத்து ரூபாய்,
சைக்கிளுக்கும் பத்து.
என்னிடம் சைக்கிள் இல்லை.
மூன்று சனிக்கிழமையாக
தாத்தாவின் அப்பாவைத் தேடிப் போகிறேன்.

அக்கரைக் கோயில் சின்னது.
தானே புயல் கொண்டுபோன ஓட்டுக்குப் பதில்
நீலத் தகரம்.
வெயில் ஏற ஏற டப் டப் என்று விரிகிறது.
பீரோ சாவி உபதேசியார் இருதயசாமியின் அரைஞாணில்.

"ஆயர் கடிதம் இருக்கா?"
முதல் வாரம் கேட்டார்.
இரண்டாம் வாரம்
தன் வீட்டு மனையின் உட்பிரிவு பற்றிக் கேட்டார்.
மூன்றாம் வாரம் பீரோ திறந்தது.

நில அளவையில் எனக்கு இருபத்தாறு வருடம்.
பூச்சி தின்ற அடங்கலில்
ஓட்டையைப் பார்த்தே
அங்கே இருந்த எண்ணைச் சொல்லிவிடுவேன்.
இது வேறு கணக்கு.
நஞ்சை இல்லை, புஞ்சை இல்லை.
ஞானஸ்நானம், மெய்விவாகம், மரணம்.
மேலே லத்தீன்.
கீழே, தமிழைக் காதால் மட்டுமே அறிந்த
ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் எழுத்து.
ஒரே பெண்
கல்யாணத்தில் சவரியாயி,
சாவில் சபேரியா.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு.
தாத்தா ராயப்பனுடைய அப்பா
மூன்று பாய்க் கப்பலுக்குச் சுக்கான் பிடித்தவர்,
ரங்கூனிலிருந்து தேக்குப் பெட்டி கொண்டுவந்தவர்.
பெட்டி புயலில் போய்விட்டது.
எந்தப் புயல் என்பது
சொல்கிறவரின் வயதைப் பொறுத்தது.
ஷார்ஜாவிலிருந்து தம்பி தைரியநாதன்
வம்ச மரத்தை அச்சுக்குக் கொடுக்கப்போகிறான்.
உச்சியில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி.
சீக்கிரம் என்கிறான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று, கார்த்திகை.
வரிசை எண் நாற்பத்து மூன்று.
பிள்ளை: ராயப்பன்.
வயது: இரண்டு நாள் இருக்கலாம்.
தகப்பன்: கோடு.
தாய்: கோடு.
கொண்டுவந்தவளும் ஞானத்தாயும்:
மருத்துவச்சி அருளாயி.

அந்தக் கோட்டை
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுங்காத கோடு.
எங்கள் ஆபீஸில் என்னைவிடச் சுத்தமாக
யாரும் கோடு போட்டதில்லை,
இந்தச் சாமியார் போட்டிருக்கிறார்.

யார் பெயரிலும் இல்லாத நிலத்துக்கு
எங்களிடம் ஒரு பெயர் உண்டு.
புறம்போக்கு.
அதில்தான் ஆடு மேயும்,
அதில்தான் ஏரி நிற்கும்,
அங்கேதான் ஊரே எரியும்.
ஆனால் ஒருநாளும்
மனிதனுக்கு அதை எழுதியதில்லை நான்.

பக்கம் புரட்டப் புரட்ட அருளாயி.
விடியும்வரை தாங்காது என்று
வீட்டிலேயே அவள் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள்.
சில தாங்கின.
முப்பத்தொரு பேருக்கு ஞானத்தாய்.
அவள் பெற்றதாக ஒன்றும்
என் கண்ணில் படவில்லை.

மரணப் புத்தகம் தனி.
தாள்கள் ஒட்டிப்போய்
அப்பளம்போல் பிரிந்தன.
விஷக்காய்ச்சல் வருடத்தில்
ஒரே நாளில் ஒன்பது பேர்.
ஏழாவதாக அவள்.
வயது சுமார் எழுபது.
சுற்றத்தார் யார் என்ற இடத்தில்
மகன் ராயப்பன்.
அதன் பக்கத்தில்
சாமியார் போட்ட சின்னக் கேள்விக்குறி.
பிறகு கைநாட்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவனின் கட்டைவிரல்.
மீன்முள் கிழித்த தழும்பு
ரேகையை இரண்டாக வெட்டுகிறது.
அது கட்டத்துக்குள் நிற்கவில்லை.
கேள்விக்குறியின் மேல்
பாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மணி பன்னிரண்டு.
இருதயசாமி பூட்டை ஆட்டிக் காட்டினார்.
"நகலுக்கு ஐம்பது ரூபாய்.
எது வேணும், ஞானஸ்நானமா மரணமா?"
மரணம் என்றேன்.
விநோதமாகப் பார்த்தார்.
பிறகு தன் உட்பிரிவை ஞாபகப்படுத்தினார்.

திரும்பும் படகில் வெயில் மட்டும் கூட இருந்தது.
அருளாயி மகன் ராயப்பன்,
ராயப்பன் மகன் இஞ்ஞாசி,
இஞ்ஞாசி மகன் நான்.
சும்மா சொல்லிப் பார்த்தேன்.
"என்ன சார்?" என்றான் படகுக்காரன்
இன்ஜின் சத்தத்துக்கு மேலே.
இருபது ரூபாய்தான் இருக்கு,
சில்லறை வெச்சுக்கோ என்றேன்.